டாலி பார்ட்டன் ஏணியை எட்டி உதைத்தாரா?

கேள்வி: மலைக்கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு டிவியில் இடம் கொடுத்துக் கைதூக்கி விட்டவர் அமெரிக்க நாட்டுப்புற (‘கன்ட்ரி’) இசைப் பாடகர் போர்ட்டர் வாகனர். பெயர் வந்ததும் அந்தப் பெண், பாடகி டாலி பார்ட்டன், அவரை விட்டுப் போய்விட்டார். ஏறிய ஏணியை எட்டி உதைத்த இவரைப் போய் நீங்கள் கொண்டாடலாமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: கொண்டாடலாம், கொண்டாடத்தான் வேண்டும். உங்கள் கேள்வியின் முதல் வரியிலேயே தவறு இருக்கிறது. 1967-இல் போர்ட்டர் வாகனர் தன் டிவி நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டபோது டாலிக்கு 21 வயது, சரி. ஆனால் அதற்குள் அவர் பாட வந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. அந்தப் பதினோரு வருடத்தை யாருமே பேசுவதில்லை. நீங்களும் பேசவில்லை.

டென்னஸி மாநிலத்தின் ஸ்மோக்கி மலைப் பகுதியில் 1946-இல் பன்னிரண்டு பிள்ளைகளில் நாலாவதாகப் பிறந்தவர். பிரசவம் பார்த்த டாக்டருக்கு அப்பா கொடுத்த கூலி ஒரு மூட்டை சோளமாவு. அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அம்மாவுக்கு அந்த மலைநாட்டுப் பழைய கதைப்பாட்டுகள் எல்லாம் மனப்பாடம். ஐந்தாறு வயதில் மக்காச்சோளச் சக்கையில் செய்த தன் பொம்மையைப் பற்றி இந்தக் குழந்தை ஒரு பாட்டுக் கட்ட, அதை அம்மா எழுதி வைத்தார். பத்து வயதில், தாய்மாமன் பில் ஓவன்ஸின் முயற்சியால், நாக்ஸ்வில்லில் காஸ் வாக்கர் என்ற மளிகைக்கடை முதலாளி நடத்திய ரேடியோ, டிவி நிகழ்ச்சிகளில் பாட ஆரம்பித்தார். பாட்டியோடு பஸ்ஸில் லூசியானா வரைக்கும் போய்ப் பதிவு செய்த முதல் இசைத்தட்டு 1959-இல் வந்தது, அந்தப் பாட்டை எழுதியவர்கள் இவரும் மாமாவும். அதே வருடம், 13 வயதில், நாட்டுப்புற இசைக்காரர்கள் கோயில்போல் நினைக்கும் கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையில் பிரபல பாடகர் ஜானி கேஷ் அறிமுகப்படுத்த ஏறிப் பாடினார். 1962-இல் இன்னொரு தட்டு. இரண்டுமே விற்கவில்லை. வேறு பிள்ளையாக இருந்தால் போதும் என்று ஊரோடு இருந்திருக்கும். இவர் 1964-இல் பள்ளிப்படிப்பை முடித்த மறுநாளே, அந்த இசையின் தலைநகரான நாஷ்வில்லுக்கு பஸ் ஏறினார்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். நாஷ்வில்லில் அவருக்கு முதலில் சோறு போட்டது அவருடைய எழுத்து. மாமாவும் இவரும் சேர்ந்து ஒரு பாட்டு வெளியீட்டு நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்தார்கள். இருவரும் எழுதிய ஒரு பாட்டை 1966-இல் பில் பிலிப்ஸ் என்பவர் பாடி, அது நாட்டுப்புறப் பாட்டுத் தரவரிசையில் முதல் பத்துக்குள் போனது. அதில் கூடப் பாடிய பெண்குரல் டாலியுடையது, ஆனால் தட்டில் பெயர் கிடையாது. யார் அந்தப் பெண் என்று கேட்டவர்கள் ரேடியோ கேட்ட ஜனங்கள்தான்! அதுவரை அவரை ஒப்பந்தம் செய்திருந்த மான்யுமென்ட் இசைத்தட்டுக் கம்பெனியே இந்தக் குரல் நாட்டுப்புறப் பாட்டுக்கு ஒத்துவராது என்று நினைத்து, பதின்வயதுக்காரர்களுக்கான பாப் பாட்டுகளைப் பாட வைத்துக்கொண்டிருந்தது. பிலிப்ஸ் பாடிய பாட்டு ஓடிய பிறகுதான் அவர் விரும்பிய பாட்டைப் பாட விட்டார்கள். 1967-இல் இரண்டு பாட்டுகள் தரவரிசைக்குள் வந்தன, அவற்றில் மேலே ஏறியது அவரே எழுதியது. அதற்கு அப்புறம்தான் போர்ட்டரிடமிருந்து அழைப்பு வந்தது. ரேடியோவில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒரு குரலைத்தான் அவர் வேலைக்கு எடுத்தார்.

போர்ட்டர் செய்ததைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவருடைய நிகழ்ச்சி அமெரிக்காவில் ஊர் ஊராக டிவியில் ஓடியது. முன்பு அதில் பாடிய நார்மா ஜீனின் ரசிகர்கள் ஆரம்பத்தில் மேடையிலேயே அவர் பெயரைச் சொல்லிக் கத்தி டாலியை அழவிட்டபோது, போர்ட்டர் கூடவே நின்று ஜோடிப்பாட்டுப் பாடி அந்தக் கூட்டத்தைப் பழக்கினார். ஆர்சிஏ என்ற பெரிய இசைத்தட்டுக் கம்பெனியில் ஒப்பந்தம் வாங்கிக்கொடுத்தவரும் அவர்தான். அதெல்லாம் பெரிய உதவி. ஆனால் இந்த ஏற்பாட்டில் லாபம் ஒரு பக்கமாக மட்டும் போகவில்லை. ஜோடியாக இருவரும் வாங்கிய விருதுகள் போர்ட்டருக்கும் சேர்ந்துதான் வந்தன, ஜோடிப்பாட்டுகளில் பல டாலி எழுதியவை. தனியாக அவர் பாடிய பாட்டு முதலிடத்துக்கு வர 1971 ஆனது. அதுவரை, ஊர் ஊராக பஸ்ஸில் சுற்றிக்கொண்டே அவர் எழுதியவற்றைப் பாருங்கள். குழந்தையோடு கைவிடப்பட்ட பெண்கள், ஆணுக்கு ஒரு நியாயம் பெண்ணுக்கு ஒரு நியாயமா என்று கேட்கும் 1968-ஆம் வருடப் பாட்டு (‘ஜஸ்ட் பிகாஸ் ஐ ஆம் எ வுமன்’), அப்புறம் அம்மா கந்தல் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு போய்ப் பள்ளியில் கேலிப்பட்ட கதை (‘கோட் ஆஃப் மெனி கலர்ஸ்’). இந்தக் கடைசிப் பாட்டைச் சட்டென்று எழுதக் காகிதம் இல்லாமல், போர்ட்டரின் உடுப்புகளுக்கு வந்த சலவைக்கடை ரசீதின் பின்னால் எழுதினார். பாட்டு பெரிதாக ஓடியதும் போர்ட்டர் அந்த ரசீதைச் சட்டம் போட்டு வைத்தார். அந்த மனிதருக்கும் தன் பக்கத்தில் இருப்பவர் யார் என்று தெரிந்துதான் இருந்தது, விட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

டாலி அவரிடம் இருப்பதாகச் சொல்லிவிட்டு வந்தது ஐந்து வருடம். இருந்தது ஏழு. போகிறேன் என்று சொன்னபோதெல்லாம் சண்டை, போர்ட்டர் பேச்சைக் காதிலேயே வாங்கவில்லை. அதனால் சொல்ல வேண்டியதைப் பாட்டாக எழுதிக்கொண்டு போய் அவர் அறையில் உட்கார்ந்து பாடிக் காட்டினார். போர்ட்டர் அழுதுவிட்டார் என்றும், இந்தப் பாட்டை நானே தயாரிப்பதாக இருந்தால் நீ போகலாம் என்று சொன்னார் என்றும் டாலி பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தப் பாட்டுதான் ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’. 1992-இல் பாடகி விட்னி ஹூஸ்டன் ஒரு படத்துக்காகப் பாடி, 14 வாரம் அமெரிக்காவில் முதலிடத்தில் நின்றதே, அதேதான். பலர் அதைக் காதல் பாட்டு என்று நினைத்துக் கல்யாண வீடுகளில் போடுகிறார்கள். அது ஒரு முதலாளியிடம், ஒரு குருவிடம், தலை குனியாமல் மரியாதையோடு விடைபெறும் பாட்டு. நன்றி மறந்தவருக்கு இப்படி எழுத வராது ஐயா.

1974-இல் அது நாட்டுப்புறத் தரவரிசையில் முதலிடம் வந்ததும் எல்விஸ் பிரெஸ்லி பாட விரும்பினார். டாலிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பதிவுக்கு முந்தைய நாள் எல்விஸின் மேனேஜர் டாம் பார்க்கர், வெளியீட்டு உரிமையில், அதாவது பாட்டு சம்பாதிக்கும் பணத்துக்கான சொந்தத்தில், பாதியைக் கொடுத்தால்தான் பாடுவார் என்று சொன்னார். முடியாது என்றார் டாலி. ராத்திரி முழுக்க அழுதேன் என்று பின்னால் சொன்னார், ஆனால் கொடுக்கவில்லை. எல்விஸ் கேட்டால் எதையும் எழுதிக்கொடுக்கத் தயாராக இருந்த ஊரில், 28 வயதுப் பெண் அப்படிச் சொன்னார்! விட்னியின் குரலில் அந்தப் பாட்டு உலகம் சுற்றியபோது வந்த ராயல்டி யாருடைய வீட்டுக்குப் போனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. போர்ட்டரைச் சந்திக்கும் முன்பே, எழுத்தை விற்றுப் பிழைத்த நாட்களில், ஒரு பாட்டின் சொந்தக்காரர் யார் என்ற கேள்வியின் விலையை அவர் கற்றிருந்தார். அதனால்தான் இவரைக் கொண்டாடுகிறேன். பாடத் தெரிந்த பிள்ளைகள் எத்தனையோ பேர் கையெழுத்துப் போடத் தெரியாமல் எல்லாவற்றையும் இழந்திருக்கிறார்கள், அதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1979-இல் போர்ட்டர் அவர்மேல் 30 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார், நீதிமன்றத்துக்கு வெளியே பேசித் தீர்த்தார்கள். அதற்குப் பிறகும் 2007-இல், போர்ட்டர் ஆப்ரியில் 50 வருடத்தை நிறைவு செய்த விழாவுக்கு டாலி வந்து அதே பாட்டை அவருக்காகப் பாடினார். அந்த வருடக் கடைசியில் போர்ட்டர் இறந்துபோனார்.

விட்னி பாடியதை மட்டுமே கேட்டிருந்தால், டாலியின் 1974 பதிவைத் தேடிக் கேளுங்கள், அதில் அவர் எங்குமே குரலை உயர்த்தவில்லை. அந்த 1968 பாட்டையும் கோட்டைப் பற்றிய பாட்டையும் அதற்கு முன்னால் கேட்டுவிட்டு வந்தால் இன்னும் நல்லது. கேட்ட பிறகும் ஏணி, உதை என்றுதான் தோன்றினால் மறுபடி எழுதுங்கள், அடுத்த இதழில் பேசுவோம்.