ஏர் ஃபிரையரில் பீன்ஸ் ஏன் ரப்பர் மாதிரி இழுக்கிறது? மொறுமொறுவென்று வர என்ன வழி?

கேள்வி: பினாங்கில் இருக்கிறேன். அரைக் கிலோ பீன்ஸைக் கழுவி நறுக்கி, உப்பு, மிளகாய்த்தூள், எண்ணெய் போட்டுப் பிசறி, சிலிகான் தட்டில் கொட்டி, 180 டிகிரியில் 15 நிமிடம் வைத்தேன். தோல் சுருங்கி, வாயில் இழுக்கிறது. மேலே இருந்த நாலைந்து துண்டுகளின் நுனி மட்டும் கருகிவிட்டது. எங்கே தவறு?

பதில்:

அரைக் கிலோ, கழுவிய ஈரம், முதலிலேயே போட்ட உப்பு, சிலிகான் தட்டு. நான்கும் சேர்ந்து பீன்ஸை வறுபட விடாமல் வேகவைத்துவிட்டன. 180 டிகிரி என்பதும் கொஞ்சம் குறைவுதான். ஆனால் மற்ற நான்கையும் சரிசெய்யாமல் சூட்டை மட்டும் ஏற்றினால் நுனி இன்னும் கருகுமே தவிர நடுப்பகுதி அப்படியேதான் இருக்கும்.

பீன்ஸில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். தோலில் ஈரம் இருக்கும்வரை, மெஷினில் 200 என்று வைத்திருந்தாலும், தோலின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். சிவந்து, வறுத்த மணம் வருவதற்கு அது 140க்கு மேல் ஏற வேண்டும். 100 கிராம் தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 226 கிலோஜூல் வெப்பம் தேவை. 1500 வாட் மெஷின் முழு வேகத்தில் ஓடினாலும் நிமிடத்துக்கு 90 கிலோஜூல்தான் தரும், அதிலும் ஒரு பங்கு வெளியேறும் காற்றோடு போய்விடும். 250 கிராம் பீன்ஸ் என்றால் பத்து நிமிடத்தில் சமாளித்துவிடும். அரைக் கிலோவைக் குவித்தால் நீராவி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுற்றும். அப்புறம் அது ஏர் ஃபிரையர் இல்லை, இட்லிப் பானை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மாவு எதுவும் பூசாத பீன்ஸ் அப்பளம் மாதிரி நொறுங்காது. தோல் கொப்பளித்து, நுனி மொறுமொறுத்து, உள்ளே கொஞ்சம் சாறோடு கடிபட வேண்டும். சீனச் சாப்பாட்டுக் கடைகளில் எண்ணெயில் பொரித்து, பூண்டும் காய்ந்த இறாலும் போட்டுப் புரட்டித் தருவார்களே, அந்தப் பதம். பேரங்காடியில் பாக்கெட்டில் விற்கும் காய்கறிச் சிப்ஸ் பெரும்பாலும் வெற்றிடத்தில் பொரிக்கப்படுவது, வீட்டு மெஷினில் அது வராது. கடித்தால் சத்தம் வரவேண்டும் என்றால் மேலே மாவோ ரொட்டித்தூளோ பூசத்தான் வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் காய். கேமரன் மலையிலிருந்து வரும் பீன்ஸில் பென்சிலை விட ஒல்லியானதாக, உள்ளே விதை புடைக்காததாகப் பார்த்து எடுங்கள். வளைத்தால் ‘படக்’கென்று ஒடிய வேண்டும். வளைந்தே கொடுத்தால் ஏற்கெனவே வாடியது. அது சமைக்கும் முன்பே பாதி ரப்பர். விதை முற்றிய பீன்ஸில் தோலுக்கும் விதைக்கும் நடுவே இடைவெளி விழுந்திருக்கும். தோல் காய்ந்து நார் ஆகிவிடும், விதை மட்டும் மாவாக வேகும். வாங்கிய பீன்ஸைக் காகிதத்தில் சுற்றி, ஃபிரிட்ஜின் காய்கறிப் பெட்டியில் வைத்து மூன்று நான்கு நாளுக்குள் முடித்துவிடுங்கள். 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் தோலில் துருப்பிடித்த மாதிரிப் புள்ளி விழும்.

பயத்தங்காயிலும் செய்யலாம், ஆனால் கணக்கு வேறு. கரும்பச்சையாக, ஒல்லியாக, கெட்டியாக இருக்கும் வகைதான் இதற்குச் சரி. வெளிர்ப்பச்சையாகத் தடித்த காய் உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும், அதைப் பொரியலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பயத்தங்காயை 7, 8 சென்டிமீட்டருக்கு வெட்டி, 190 டிகிரியில் 7 நிமிடம். அதற்கு மேல் போனால் கயிறு. உறைய வைத்த பீன்ஸை மொறுமொறுப்புக்கு நம்ப வேண்டாம். உறையும்போது பனிக்கட்டி திசுக்களைக் கிழித்துவிடுவதால் சூடு பட்டதும் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும்.

இப்போது ஈரம். நம் ஊரில் பலருக்கும் பிடிபடாமல் போவது இதுதான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பீன்ஸை மேசையில் வைத்தால் இரண்டே நிமிடத்தில் காற்றின் ஈரம் அதன்மேல் முத்து முத்தாகப் பூத்துவிடும். கழுவவே இல்லை என்றாலும் காய் நனைந்துதான் இருக்கிறது. அதனால் வெளியே எடுத்துக் கழுவி, துண்டில் பரப்பி, விசிறிக்குக் கீழே 20 நிமிடம் விடுங்கள். குளிர் போன பிறகு இன்னொரு காய்ந்த துணியால் உருட்டித் துடையுங்கள். காம்பைக் கிள்ளுவது அதற்குப் பிறகுதான். முன்பே கிள்ளிவிட்டுக் கழுவினால் வெட்டுவாய் வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறும். நுனி வாலைக் கிள்ள வேண்டியதில்லை, முதலில் மொறுமொறுப்பது அதுதான். துண்டு போடாமல் முழுசாகவே வையுங்கள். ஒவ்வொரு வெட்டும் சாறு வெளியேற ஒரு வாசல்.

4, 5 லிட்டர் கூடைக்கு 250 கிராம், அதற்கு மேல் வேண்டாம். இரண்டு டீஸ்பூன் எண்ணெய் போதும். வீட்டில் இருக்கும் செம்பனை எண்ணெயே நன்றாகத் தாங்கும். கிண்ணத்தில் போட்டுக் கையால் பிசறுங்கள். ஒவ்வொரு காயும் மினுங்க வேண்டும், கிண்ணத்தின் அடியில் எண்ணெய் தேங்கக்கூடாது. எண்ணெயே இல்லாமல் செய்தால் தோல் கொப்பளிக்காது, வெறுமனே காய்ந்து சுருங்கும். சூடான காற்றிலிருந்து தோலுக்கு வெப்பத்தைச் சீராகக் கொண்டுபோவது அந்த மெல்லிய எண்ணெய்ப் படலம்தான். கடையில் விற்கும் ஸ்ப்ரே டப்பாக்கள் பலவற்றில் லெசித்தின் கலந்திருக்கும். அது கூடையின் ஒட்டாப் பூச்சில் பிசினாகப் படிந்து, நாளடைவில் தேய்த்தாலும் போகாது. சாதாரண எண்ணெயை பம்ப் பாட்டிலில் ஊற்றி அடிப்பது நல்லது.

உப்பு இப்போது வேண்டாம். உப்பு பட்டவுடன் காய் தண்ணீர் விடும். மிளகாய்த்தூளும் வேண்டாம். 200 டிகிரியில் பத்து நிமிடம் சுழன்றால் கருகிக் கசக்கும். இரண்டையும் இறக்கிய பிறகு, எண்ணெய்ப் பசை இருக்கும்போதே தூவினால் நன்றாகவே ஒட்டிக்கொள்ளும்.

மெஷினை 200 டிகிரியில் மூன்று நிமிடம் வெறுமனே ஓட விட்டுச் சூடாக்குங்கள். சிலிகான் தட்டு, எண்ணெய்த்தாள் எதுவும் வேண்டாம். ஏர் ஃபிரையரின் வேலையே கூடையின் ஓட்டைகள் வழியாகக் காற்று அடியிலும் சுற்றி வருவது. தட்டைப் போட்டு அதை அடைத்துவிட்டு, அடியில் ஈரம் தேங்குகிறது என்று வருத்தப்பட்டுப் பயனில்லை. கூடை கழுவுவது சிரமம்தான். ஆனாலும் பீன்ஸுக்கு இதில் விட்டுக்கொடுக்க முடியாது.

பீன்ஸைக் கொட்டி 200 டிகிரியில் மொத்தம் 9 முதல் 11 நிமிடம். நான்காம் நிமிடத்தில் இழுத்தால் முகத்தில் ஆவி அடிக்கும், கண்ணாடி போட்டவர்களுக்குக் கண்ணாடி மங்கும். காய் இன்னும் பளிச்சென்ற பச்சையாக, குலுக்கினால் ‘தொப் தொப்’ என்று விழும். இது வேகும் கட்டம். இங்கே நிறுத்திவிட வேண்டாம். வேகாத பீன்ஸில் லெக்டின் என்ற புரதம் இருக்கிறது, அரைவேக்காட்டில் சாப்பிட்டால் வயிற்றைப் புரட்டும். ஏழாம் நிமிடத்தில் ஆவி குறைந்திருக்கும், பச்சை மங்கியிருக்கும், தோலில் நீளவாக்கில் சுருக்கம் விழுந்து அங்கங்கே பொன்னிறக் கொப்புளம் தெரியும். மறுபடி குலுக்குங்கள். இப்போது சத்தம் மாறியிருக்கும், காய்ந்த சருகு மாதிரி ‘சலசல’ என்று கேட்கும். அதற்குப் பிறகு நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் நடுவில்தான் பதம், அதைத் தாண்டினால் இழுக்கத் தொடங்கும். சமையல் தராசு இருந்தால் நிறுத்துப் பாருங்கள். 250 கிராம் போட்டது 150 கிராமை நெருங்கும்போது ஏறக்குறைய சரியாக இருக்கும். மெஷினில் தெரியும் எண்ணுக்கும் உள்ளே இருக்கும் சூட்டுக்கும் 10, 20 டிகிரி வித்தியாசம் இருப்பது சகஜம், அதனால் கடிகாரத்தை விடக் கண்ணையும் காதையும் நம்புங்கள்.

மேலே உள்ளது மட்டும் கருகினால் கூடை நிரம்பி வழிகிறது, மேல் அடுக்கு சூட்டுக்கம்பிக்கு நெருங்கிவிட்டது என்று அர்த்தம். எல்லாமே சீராகச் சுருங்கி ஒரு கொப்புளமும் இல்லை என்றால் சூடு போதவில்லை. மெதுவாகக் காய்ந்த தோல்தான் ரப்பர் ஆகும்.

அடுத்து, சத்தம் போடும் மொறுமொறுப்பு. பஜ்ஜி மாவு மாதிரிக் கரைத்து முக்கினால் வேலைக்கு ஆகாது. கொதிக்கும் எண்ணெயில் விழுந்த நொடியில் மாவு இறுகும். காற்றில் அப்படி இறுகாது, ஓட்டை வழியாக ஒழுகிக் கீழே கட்டிபிடிக்கும், மேலே பாதி காய் அம்மணமாக நிற்கும். அதனால் உலர்ந்த பூச்சுதான் வழி. 200 கிராம் பீன்ஸுக்கு முதலில் இரண்டு டேபிள்ஸ்பூன் சோளமாவில் புரட்டி உதறிக்கொள்ளுங்கள். பிறகு அடித்த முட்டை ஒன்று. சைவமாக வேண்டுமென்றால் மூன்று டேபிள்ஸ்பூன் கெட்டித் தயிரில் ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீர் விட்டு அடித்தது. அதில் தோய்த்து வழியவிட்டு, 60 கிராம் ரொட்டித்தூளில் அழுத்திப் புரட்டுங்கள். உப்பு அரை டீஸ்பூன், மிளகாய்த்தூள் அரை டீஸ்பூன், சோம்புத்தூள் கால் டீஸ்பூன் எல்லாம் ரொட்டித்தூளோடு சேரட்டும். பூச்சுக்குள் பத்திரமாக இருப்பதாலும் நேரம் குறைவு என்பதாலும் இங்கே மிளகாய்த்தூள் கருகாது.

கடைசிப் படிக்கு முன் ஒரு வேலை இருக்கிறது, அதைத் தாண்டிப் போகாதீர்கள். ரொட்டித்தூளை ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயோடு வாணலியில் போட்டு, மிதமான தீயில் வெளிர்ப் பொன்னிறமாக முதலிலேயே வறுத்து ஆறவைத்துவிடுங்கள். பச்சை ரொட்டித்தூள் ஏர் ஃபிரையரில் சிவப்பதற்குள் உள்ளே இருக்கும் காய் வெந்து ஆவிவிட்டு அதை நனைத்துவிடும். வறுத்த தூளுக்கு அந்தக் கவலை இல்லை. பேன்கோ என்ற பரும்படியான ஜப்பானிய ரொட்டித்தூள் கேக் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் டின்னில் இருக்கும் கிரீம் கிராக்கர் பிஸ்கட்டைப் பையில் போட்டுச் சப்பாத்திக் கட்டையால் நுணுக்குங்கள். அது இன்னும் நன்றாகக்கூட நொறுங்கும், ஆனால் பிஸ்கட்டிலேயே உப்பு இருப்பதால் உப்பைப் பாதியாகக் குறைக்க வேண்டும்.

பூசியவுடன் கூடையில் ஒன்றை ஒன்று தொடாமல் ஒரே அடுக்காக வையுங்கள். 200 கிராம் என்றாலும் இரண்டு தடவையாகத்தான் போட முடியும், அவசரப்படக்கூடாது. மேலே எண்ணெய் அடித்து 195 டிகிரியில் 8 நிமிடம், ஐந்தாம் நிமிடத்தில் இடுக்கியால் திருப்புங்கள். குலுக்கினால் பூச்சு உதிரும். வெள்ளை வெள்ளையாகத் திட்டு தெரிந்தால் அங்கே எண்ணெய் படவில்லை, மாவு பச்சையாகவே நிற்கும். அந்த இடத்தில் மட்டும் ஒரு தடவை அடித்து இரண்டு நிமிடம் கூட்டுங்கள்.

கறிவேப்பிலை போட ஆசைப்பட்டால் எண்ணெயில் பிசறி, கடைசி ஒன்றரை நிமிடத்தில் பீன்ஸுக்கு அடியில் செருகுங்கள். மேலே தூவினால் விசிறி தூக்கிக்கொண்டுபோய்ச் சூட்டுக்கம்பியில் ஒட்டிவைக்கும், வீடு முழுக்கக் கருகல் வாடை. நறுக்கிய பூண்டும் உள்ளே போகக்கூடாது. அதையும், ஊறவைத்து இடித்த காய்ந்த இறாலையும் வாணலியில் தனியாகச் சிவக்க வறுத்து, பரிமாறும்போது தூவினால் சீனக் கடை ருசி கிடைக்கும். சம்பால், சோயா சாஸ், எலுமிச்சை எதையும் மேலே ஊற்றாமல் பக்கத்தில் வையுங்கள். மொறுமொறுத்த தோல் ஈரத்தைக் கண்டால் ஒரே நிமிடத்தில் குடித்துவிடும்.

இறக்கியதும் தட்டில் குவிக்காமல் கம்பி வலைமேல் பரப்புங்கள், மூடி போட வேண்டாம். மேசைக்கு எல்லாரும் வந்த பிறகு மெஷினை ஓட விடுவதுதான் உசிதம். நம் காற்றில் பூச்சு போட்டது கால் மணி நேரம் தாங்கினால் பெரிது, மழை பெய்யும் மாலையில் அதுவும் குறையும். பிள்ளைகளின் பள்ளி டப்பாவுக்கு இது ஆகாது, உள்ளே ஆவி அடைபட்டு மதியத்துக்குள் துவண்டுவிடும். வீட்டில் மீந்ததை மட்டும் 180 டிகிரியில் இரண்டு, மூன்று நிமிடம் காட்டினால் பூச்சு போட்டது மறுபடி மொறுமொறுக்கும். பூச்சில்லாதது மீளாது, நறுக்கி முட்டையோடு கிளறிவிடுங்கள்.