செல்ஃப் எடுக்கலையா?

கேள்வி: ஜூன் 12 மேட்டூர் தொறந்துடுவாங்க, குறுவைக்கு நாத்து விட்டுடலாம்னு வீட்டுக்காரர்கிட்ட சொன்னது நான்தான். தண்ணி வரல, நாத்து காஞ்சுபோச்சு. அவரு ஒண்ணுமே சொல்லல. ஆனா ராத்திரி படுத்தா நானே என்னைத் திட்டிக்கிறேன், பத்து வருஷத்துக்கு முந்தின தப்பெல்லாம் வரிசையா வருது. மக சொன்னான்னு ஆன்லைன்ல ஒரு செல்ஃப் லவ் வகுப்புல சேர்ந்தேன். கண்ணாடி முன்னாடி நின்னு 'உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும்'னு 21 தடவை சொல்லணுமாம், சிரிப்புதான் வருது. ஜபம், தியானம் பண்ணா இது போகுமா?
- ஒரு வாசகி, மன்னார்குடி பக்கம்

பதில்: செல்ஃப்னா எங்க ஊர்ல ஒரே அர்த்தம்தாம்மா, வண்டில கட்டைவிரலால அமுக்குறோமே அது. என் வண்டிக்கு ஐப்பசி அடைமழைல செல்ஃப் எடுக்காது. கிர்ர் கிர்ர்னு இழுக்கும், அப்புறம் டிக்குனு ஒரு சத்தம், அப்புறம் அதுவும் கெடையாது. நான் விடாம அமுக்கிகிட்டே இருப்பேன், ஏன்னா நாலு பேர் பார்க்க நடுரோட்டுல எறங்கி உதைக்க வெக்கம். மெக்கானிக் தம்பி ஒருநாள் தலைல அடிச்சுகிட்டான், "சார், எடுக்கலன்னா விட்டுடுங்க, அமுக்க அமுக்க இருக்குற பேட்டரியும் எறங்கிடும், யாரையாவது கூப்புட்டு தள்ளச் சொல்லுங்க"ன்னான். கண்ணாடி முன்னாடி 21 தடவைங்கறது இதேதான். பேட்டரி எறங்கின ஆளை செல்ஃப அமுக்கச் சொல்றாங்க, அதுக்கு ஃபீஸ் வேற.

மொதல்ல ஒண்ணு சொல்லுங்க, 93.47 டி.எம்.சி. கொள்ற மேட்டூர் அணையோட சாவி உங்க இடுப்புலயா தொங்குது? டெல்டாவுல நாத்து விடுற ஒவ்வொருத்தரும் ஜூன் 12-ஐ நம்பித்தான் விடுறோம். நீங்க மட்டும் குத்தவாளியாம்.

திட்டிக்கறது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். நம்ம ஆளுங்க மாதிரி தன்னைத் திட்டிகிட்டவங்க உலகத்துலயே கெடையாது. மாணிக்கவாசகரைப் பாருங்க, குதிரை வாங்கக் குடுத்த அரசாங்கப் பணத்துல கோயில் கட்டினவரு, அவரே 'நாயிற் கடையாய்க் கிடந்த அடியேற்கு'ன்னு பாடுறாரு. ஆனா அங்க நிறுத்தல. அடுத்த அடியே 'தாயிற் சிறந்த தயாவான தத்துவனே'. நாயைவிடக் கேவலம்னு சொன்ன அதே மூச்சுல, அம்மாவைவிட நல்லவன் ஒருத்தன் எதிர்ல நிக்கறான். நீங்க முதல் அடியை மட்டும் வச்சுகிட்டு விடிய விடிய பாராயணம் பண்றீங்க, அதுவும் லைட்டை அணைச்சுட்டு. ஜபம் பண்றதுன்னா பண்ணுங்க, ஆனா வாய்விட்டுப் பண்ணுங்க, யார்கிட்டயாவது பேசுற மாதிரி. (திருவாரூர் வாசகரே, மேல சந்திப்பிழை எத்தனைன்னு எண்ணி வழக்கம்போல போஸ்ட் கார்டு போடுங்க.)

உங்க கடுதாசில என்னை உறுத்துன வரி வேற. 'அவரு ஒண்ணுமே சொல்லல.' அவரும் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துகிட்டு, இவ சொன்னா நமக்கு எங்க போச்சு புத்தின்னு தன்னையே திட்டிகிட்டு இருக்காரோ என்னமோ. ஒருநாள் கேட்டுத்தான் பாருங்களேன்.

கேட்டுட்டு ரெண்டு பேருமா திருவிடைமருதூர் போயிட்டு வாங்க. கும்பகோணத்துலேர்ந்து மாயவரம் ரோட்டுல 8, 9 கிலோமீட்டர். வழில டிகிரி காபி போர்டைப் பார்த்து வண்டியை நிறுத்திடாதீங்க, பித்தளை டபரால ஊத்துனா டிகிரி ஆயிடாதுன்னு இந்தப் பக்கத்துல எத்தனை தடவை எழுதியாச்சு, எழுதுற ஒவ்வொரு தடவையும் திட்டு வாங்கியாச்சு. சரி, கோயிலுக்கு வருவோம். வரகுண பாண்டியன் குதிரையில வந்தப்ப தெரியாம ஒரு அந்தணர் மேல ஏறி அவரு செத்துட்டாரு, பிரம்மஹத்தி பாண்டியனைப் புடிச்சுகிச்சுன்னு தலபுராணம். (குதிரையால வந்த வம்பு நம்ம புராணத்துல ஏகப்பட்டது.) வேணும்னு செஞ்சதில்ல, ஆனாலும் விடல. இந்தக் கோயிலுக்கு வந்து கிழக்கு வாசல் வழியா உள்ள போனான், அது உள்ள வர முடியாம வாசல்லயே காத்துகிட்டு நின்னுச்சு. சாமி அவனை மேற்கு வாசல் வழியாப் போகச் சொல்லிட்டாரு. அது இன்னிக்கும் கிழக்கு வாசல்லதான் இருக்கு, உருவம் வச்சிருக்காங்க பாருங்க. அதனால அந்தக் கோயில்ல போன வழியா யாரும் திரும்ப வர்றதில்ல.

பாண்டியன் திரும்பிப் போய் 'இன்னும் இருக்கியா'ன்னு எட்டிப் பார்க்கல. நீங்க தெனம் ராத்திரி எட்டிப் பார்க்குறீங்க.

போறப்ப ஒரு விஷயம். நான் போன தடவை செருப்பைக் கிழக்கு வாசல்ல விட்டுட்டு வேற வாசல் வழியா வந்துட்டேன். சித்திரை வெயில், பெரிய கோயில், மதிலைச் சுத்தி வெறுங்காலோட ஓடி வந்து, பிரம்மஹத்தி இருக்குற வாசல்லயே மறுபடி போய் நின்னேன். கையில ஒரு பை எடுத்துட்டுப் போங்க.