விண்கல் பள்ளம் ஆராயும் படிப்புக்கு வேலை கிடைக்குமா?

மகள் எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டு, விண்கல் மோதிய பள்ளங்களை ஆராயும் புவி இயற்பியல்தான் படிப்பேன் என்று நிற்கிறாள், இதற்கெல்லாம் வேலை உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு, ஆனால் அந்தப் பெயரில் கிடைக்காது.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் தோட்டத்துப் பிள்ளை, அம்மா பால்மரம் வெட்டியவர். படிக்கும் காலத்தில் லெங்கோங் பக்கம் புக்கிட் புனோவுக்கு அளவெடுக்க எடுபிடியாகப் போனேன். விண்கல் மோதி உருகிய பாறை அங்கே இருக்கிறது, அதில் பதிந்த கல் கோடாரிக்கு வயது 18.3 லட்சம் ஆண்டு என்று யூ.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) ஆய்வாளர்கள் சொன்னார்கள் (வெளிநாட்டுக்காரர்கள் எல்லாரும் இன்னும் ஒப்புக்கொண்டபாடில்லை). பெரிய கிண்ணம் மாதிரி பள்ளத்தைப் பார்க்கப் போகிறோம் என்று நினைத்தேன், அங்கே போனால் நம் ஊர் மாதிரியே செம்பனையும் அட்டையும்தான். ஐந்து மீட்டருக்கு ஒரு இரும்பு ஆணி, 41 ஆணி, சுத்தியலால் அடித்துக் கேபிள் மாட்டி மின்சாரம் விட்டால் எந்த ஆழத்தில் பாறை கெட்டி, எங்கே நொறுங்கியிருக்கிறது என்று தெரியும். மண் காய்ந்திருந்தால் ஆணி ஆணியாக உப்புத்தண்ணீர் ஊற்ற வேண்டும். அம்மாவிடம் சொன்னேன், "இதுவும் நெரை பிடிக்கிற வேலைதானே" என்றார் (நெரை என்றால் தோட்டத்து மர வரிசை).

அப்புறம் ஈர்ப்பு அளவு. நொறுங்கிய பாறை எடை குறைவு, அதனால் அந்த இடத்தில் புவியீர்ப்பு இம்மியளவு குறையும். பத்து லட்சத்தில் ஒரு பங்கைவிடச் சிறிய மாற்றத்தையும் கருவி காட்டும், ஆனால் பக்கத்தில் செம்பனைக் குலை ஏற்றிய லாரி போனால் அதிர்வில் போச்சு, மறுபடி காத்திருக்க வேண்டும்.

டைனோசர்களை அழித்த மோதலின் பள்ளத்தையே 1978இல் எண்ணெய் தேடப் போனவர்தான் பார்த்தார். மெக்சிகோவின் யுகட்டான் கடலில் எடுத்த காந்த அளவில் கிளென் பென்ஃபீல்டுக்கு ஒரு வளைவு தெரிந்தது, நிலத்தின் பழைய ஈர்ப்பு வரைபடத்தோடு சேர்த்து வைத்தால் பெரிய வட்டம், இன்றைய கணக்கில் சுமார் 180 கிலோமீட்டர். 1981இல் மெக்சிகோ எண்ணெய் நிறுவனத்தின் காமர்கோவும் அவரும் மாநாட்டில் சொல்லியும் அவ்வளவாக யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. துளையிட்டெடுத்த பாறையில் மோதலின் அழுத்தத்தில் அதிர்ச்சித் தடம் பதிந்த குவார்ட்ஸ் கனிமம் இருப்பதைக் காட்டிய பிறகு, 1991 வாக்கில்தான் நம்பினார்கள். கருவியின் அளவீடு சந்தேகத்தைக் கிளப்பும், சாட்சி சொல்வது கல்தான்.

எனக்குச் சோறு போடுவது ஈப்போ பக்கத்துச் சுண்ணாம்புப் பாறை. வீடு கட்டுமுன் அடியில் குகை இருக்கிறதா என்று பார்க்கிறேன், அதே ஆணி, அதே கேபிள். கணிதமும் இயற்பியலும் அவளுக்குப் பிடிக்கும் என்றால் தடுக்காதீர்கள். படிப்புத் தொடங்குமுன் ஒரு வாரம் என்னோடு அனுப்புங்கள், சுத்தியல் நான் தருகிறேன், பூட்ஸ் மட்டும் அவளுடையதாக இருக்கட்டும்.