தேர்ச்சி பெற்ற தேர்வு மீண்டும் மீண்டும் கனவில் வருவது ஏன்?

கேள்வி: எனக்கு 41 வயது, வங்கியில் பணிபுரிகிறேன். பட்டம் பெற்றுப் பல ஆண்டுகள் ஆன பின்பும், ஹால் டிக்கெட் இல்லாமல் கணிதத் தேர்வுக்கு ஓடுவதாக அடிக்கடி கனவு வருகிறது. அண்மையில் கிளைத் தணிக்கைக்கு முந்தைய இரவும் வந்தது. வீட்டில் கனவு பலன் பார்த்து, காரியத் தடை என்கிறார்கள். உளப்பகுப்பாய்வு என்ன சொல்கிறது?

பதில்: காரியத் தடை என்ற அச்சம் வேண்டாம். உங்கள் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி, தணிக்கைக்கு முந்தைய இரவு என்று நீங்களே குறிப்பிட்டிருப்பதில் இருக்கிறது.

மனத்தின் மறைந்த எண்ணங்களை ஆராயும் உளப்பகுப்பாய்வு முறையை உருவாக்கிய வியன்னா மருத்துவர் சிக்மண்ட் ஃபிராய்டு, 1899 நவம்பரில் வெளிவந்து 1900 என்று ஆண்டு பொறிக்கப்பட்ட தம் கனவு நூலில், இதே கனவை ஆராய்ந்திருக்கிறார். மறுநாள் பொறுப்பான வேலை ஒன்று காத்திருக்க, அதில் தவறிவிடுவோமோ என்று மனம் அஞ்சும்போதுதான் இக்கனவு வருகிறது என்பது அவர் கண்டது. அவருடைய சக மருத்துவர் வில்ஹெல்ம் ஷ்டெக்கல், பள்ளி இறுதித் தேர்வுக் கனவு அதில் தேறியவர்களுக்கே வருகிறது, தோற்றவர்களுக்கு வருவதில்லை என்று கவனித்தார். ஃபிராய்டின் அனுபவமும் அதற்கு ஒத்திருந்தது: அவர் தோற்ற சட்ட மருத்துவத் தேர்வு கனவில் வந்ததே இல்லை, அஞ்சி அஞ்சி எழுதித் தேறிய தாவரவியல், விலங்கியல், வேதியியல் தேர்வுகள் வந்துகொண்டே இருந்தன. ஆகவே இக்கனவு, ‘அன்றும் இப்படித்தான் பயந்தாய், ஆனால் ஒன்றும் ஆகவில்லையே’ என்று மனம் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் ஆறுதல் என்று அவர் விளக்கினார். ‘நான்தான் எப்போதோ பட்டம் வாங்கிவிட்டேனே’ என்று கனவிலேயே நீங்கள் வாதாடியதுண்டா? ஃபிராய்டின் பார்வையில் அந்த வாதம்தான் ஆறுதல்.

எல்லாக் கனவும் மறைந்த விருப்பத்தின் நிறைவேற்றமே என்ற அவருடைய பொதுக் கோட்பாட்டை நான் முழுமையாக ஏற்பதில்லை. போரில் அதிர்ச்சியுற்றவர்களின் கனவுகள் அதற்குள் அடங்கவில்லை என்பதை 1920-இல் அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் அவருடைய முறை இன்றும் பயன்படுகிறது. இன்ன பொருள் வந்தால் இன்ன பலன் என்று அட்டவணை பார்ப்பதை விடுத்து, கனவின் ஒவ்வொரு துண்டையும் தனியே எடுத்து, அது எதை நினைவூட்டுகிறது என்று கனவு கண்டவரையே சொல்லவைத்தார். அந்தக் கனவு நூலின் பிற்பதிப்புகளில், எல்லோருக்கும் ஒரே பொருள் தரும் பொதுக் குறியீடுகளுக்கு அவர் கூடுதல் இடம் கொடுத்தது, என் கருத்தில், அந்த முறையின் வலுவைக் குறைத்தது.

ஃபிராய்டோடு இருந்து பின்னர் பிரிந்து சென்ற உளவியலாளர் ஆல்ஃபிரட் ஆட்லரின் கருத்து உங்களுக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும். தேர்வுக் கனவு ஒருவருக்கு ‘நீ இன்னும் தயாராகவில்லை’ என்றும், மற்றொருவருக்கு ‘முன்பு தேறினாய், இப்போதும் தேறுவாய்’ என்றும் பொருள்படலாம். ஒருவரின் குறியீடு மற்றவருக்குப் பொருந்தாது என்றார் அவர். அவரைப் போலவே ஃபிராய்டிடமிருந்து பிரிந்த சுவிஸ் மனநல மருத்துவர் கார்ல் யுங், தனிக் கனவைவிடக் கனவுகளின் வரிசைக்கே மதிப்புக் கொடுத்தார்.

எனவே தலைமாட்டில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். விழித்ததும் கனவை எழுதி, கீழே முந்தைய நாள் நடந்ததையும், மறுநாள் செய்ய வேண்டியிருந்ததையும் குறியுங்கள். பிறகு ஹால் டிக்கெட், கணிதம், ஓட்டம் என ஒவ்வொன்றுக்கும் மனத்தில் முதலில் தோன்றுவதை, அற்பமாகப் பட்டாலும், அப்படியே எழுதுங்கள். ஹால் டிக்கெட் என்றதும் கையெழுத்தாகாத ஒரு கோப்பு நினைவுக்கு வரலாம். உங்கள் கனவின் பொருளை அங்கிருந்து தேடுங்கள்.

கனவால் தூக்கம் கெட்டுப் பகல் வேலை பாதிக்கப்பட்டாலோ, விபத்து, வன்முறை போன்ற உண்மை நிகழ்வு அப்படியே திரும்பத் திரும்பக் கனவில் வந்தாலோ, நோட்டோடு நிறுத்திக்கொள்ளாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். அத்தகைய கனவுகளுக்குத் தனிச் சிகிச்சை முறைகள் இருக்கின்றன.