பனிக்கு முன்னால் ஃபின்ச் கூண்டு

கேள்வி: கோடையில் ஆறு ஜோடி ஜீப்ரா ஃபின்ச் குருவிகள் வாங்கி, மாடி வராந்தாவில் எட்டடிக் கூண்டு கட்டி விட்டிருக்கிறோம். இது அவற்றுக்கு முதல் குளிர்காலம். சுற்றிலும் தார்ப்பாய் கட்டி, ராத்திரியில் கரி அடுப்பு வைத்தால் போதுமா அக்கா?
- ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: கரி அடுப்பு வேண்டவே வேண்டாம்மா. மூடிய இடத்தில் கரி புகைந்தால் மனிதர்களுக்கே உயிர் போகும். 12 கிராம் எடையுள்ள பறவை எப்படித் தாங்கும்?

தார்ப்பாய் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். குன்னூரில் நான் ஃபின்ச் வளர்க்க ஆரம்பித்த முதல் வருடம், நவம்பர் மழைக்குப் பயந்து நாலு பக்கமும் இறுக்கிக் கட்டினேன். பத்து நாள் கழித்துக் காலையில் விலக்கிப் பார்த்தால், பாயின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். தட்டிலிருந்த தினை கட்டி பிடித்துப் பூசண வாடை அடித்தது. அந்த மாதம் மூன்று பறவைகள் போயின. குளிரில் சாகவில்லை, ஈரத்தில்தான் செத்தன என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

ஜீப்ரா ஃபின்ச் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்பகுதிப் பறவை. அங்கேயும் ராத்திரி குளிரும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிய பறவைக்கு வறண்ட குளிர் பெரிய ஆபத்தில்லை. ஊட்டி, தலைக்குந்தா பள்ளங்களில் விழுகிற அளவுக்கு உங்கள் ஊரில் உறைபனி விழாது. ஆனால் வடகிழக்கு மழையும் மூடுபனியும் உங்கள் பக்கம்தான் அதிகம். எனவே வடக்குப் பக்கத்தைப் பலகை வைத்து அடைத்துவிடுங்கள். கிழக்கில் கண்ணாடி போன்ற பாலிகார்பனேட் ஷீட் போட்டால் சாரலும் அடிக்காது, காலை வெயிலும் வரும். தெற்கே பாதிவரை மறைத்தால் போதும். மேலே கூரையை ஒட்டி நாலு விரல் இடைவெளி கட்டாயம் விடுங்கள்; ஈரக் காற்று அதன் வழியாக வெளியேறும்.

பறவைகள் தூங்கும் குச்சியில் காற்று அடிக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. கூண்டில் உதிர்ந்த சின்ன இறகு ஒன்றை நூலில் கட்டி அந்த இடத்தில் தொங்கவிடுங்கள். சாயங்காலம் காற்று வீசும்போது இறகு ஆடினால், மறைப்பை இன்னும் ஒரு சாண் உயர்த்துங்கள். சும்மா தொங்கினால் சரி.

அப்புறம் தீனி. டிசம்பரில் இருட்டிலிருந்து விடியும்வரை பன்னிரண்டரை மணி நேரம் அவை பட்டினி. அதனால் நாலரை மணிக்கே தட்டை ஊதி உமியை நீக்கி, தினையும் பனிவரகும் நிரப்பிவிடுங்கள். உமி மேலே மூடியிருந்தால் தட்டு நிறைந்திருப்பது போலத் தெரியும், உள்ளே ஒன்றும் இருக்காது. பலர் ஏமாறுவது இங்கேதான். குளிக்கத் தண்ணீர் வெயில் உள்ள நாளில் மட்டும், அதுவும் மதியத்துக்குள் எடுத்துவிட வேண்டும்.

ஹீட்டர் உங்கள் ஊருக்குத் தேவைப்படாது. கூல்டியன் என்ற வேறு வகை ஃபின்ச் வளர்ப்பவர்கள் வேண்டுமானால் ஒளி தராத செராமிக் பல்பு வைக்கலாம், கம்பிக் கூடு போட்டு.

மறந்துவிடாமல் செய்ய வேண்டியது, அவை முட்டையிடுகிற கூட்டுப் பானைகளை இறக்குவது. பானை இருந்தால் ஜீப்ரா முட்டையிடாமல் இருக்காது. குளிரில் பெட்டைக்கு முட்டை வெளியே வராமல் அடைத்துக்கொள்ளும். தரையில் உப்பிப்போய், வால் ஏறி இறங்க உட்கார்ந்திருக்கும் பெட்டையைப் பார்த்தால், உடனே ஒரு பெட்டியில் வைத்து 30 டிகிரி சூடு காட்டிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். தாமதிக்காதீர்கள்.

சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு எப்போதும் கூண்டில் இருக்கட்டும். பானைகளைச் சுடுதண்ணீரில் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து எடுத்து வையுங்கள். மார்ச்சில் திரும்ப மாட்டலாம்.