கமிஷன் யார் கையிலிருந்து வருகிறது?

பன்னிரண்டு வருடமாக சமையல் சாமான்களைப் பற்றி எழுதி, அஃபிலியேட் கமிஷனில், அதாவது என் லிங்க் வழியாக யாராவது வாங்கினால் கடை தரும் பங்கில், வீட்டை நடத்துகிறேன். டர்பன் பக்கத்திலும் தென்னாப்பிரிக்காவின் மற்ற ஊர்களிலும் இருக்கும் உறவுகள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு தங்கை: அக்கா, அஃபிலியேட் ஆக 1,800 ரேண்ட் கட்டச் சொல்கிறார்கள். சேரலாமா?

வேண்டாம் தங்கச்சி. அவர்கள் பொருளை விற்றுக் கொடுப்பவள் நீ, பணம் உனக்குத்தான் வர வேண்டும். அமேசான் அசோசியேட்ஸில் சேர ஒரு சென்ட் கூட ஆகாது. 180 நாளில் மூன்று விற்பனை நடக்காவிட்டால் கணக்கை மூடுவார்கள், அவ்வளவுதான். உன் லிங்க் வழியாக நீயே வாங்கினால் கமிஷனும் தர மாட்டார்கள். முன்பின் தெரியாத ஒருவர் 900 ரேண்டுக்கு குக்கர் வாங்குகிறார், கடை அதில் 45 ரேண்ட் எனக்குத் தருகிறது. தொழில் இதுதான். உன்னையே முதலில் வாங்கச் சொன்னால், அவர்களுக்கு வாடிக்கையாளர் நீதான்.

பீனிக்ஸிலிருந்து ஒரு அண்ணன்: கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான சிஐபிசியின் பதிவு எண் காட்டுகிறார்களே?

அப்படி ஒரு கம்பெனி பதிவாகியிருக்கிறது என்பதற்கு மட்டுமே அது சாட்சி அண்ணா. முதலீடு என்று பணம் வாங்கினால் நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் எஃப்எஸ்சிஏவின் உரிமம் இருக்கிறதா என்று அவர்கள் தளத்தில் நீங்களே தேடுங்கள். அனுப்பிய படத்தை நம்பாதீர்கள்.

டோங்காட்டிலிருந்து ஒரு தம்பி: கட்டணம் 600 ரேண்ட்தான். பரவாயில்லையா?

முதல் பதிலைப் படி.

வெருலத்திலிருந்து ஒரு மாமா: நான் சேர்ந்த திட்டத்திலிருந்து மூன்று மாதமாக வாராவாரம் எனக்குப் பணம் வருகிறது. தெரியாமல் பேசாதே அம்மா.

மாமா, பணம் வருவதை நான் மறுக்கவில்லை. அது எங்கிருந்து வருகிறது என்றுதான் கேட்கிறேன். ஸ்டெலன்போஷில் நடந்த பிட்காயின் முதலீட்டுத் திட்டமான மிரர் டிரேடிங் இன்டர்நேஷனலும் ஒழுங்காகத்தான் கொடுத்தது. ஆள் சேர்த்தவருக்கு போனஸும் உண்டு. 2020 கடைசியில் பணம் எடுக்க முடியாமல் போனது, தலைவர் பிரேசிலுக்குப் போய்விட்டார். சிக்கியது 29,421 பிட்காயின் என்றது அமெரிக்க அரசு தொடுத்த வழக்கு. லாபம் எடுத்தவர்களிடமும், மூழ்கிய கம்பெனியின் கணக்கை முடிக்கும் லிக்விடேட்டர்கள் திருப்பிக் கேட்டார்கள் மாமா. அந்த வாரப் பணத்தைச் செலவழிக்காமல் வையுங்கள்.

அதே மாமா: ஆள் சேர்த்தால் கமிஷன் எங்கேதான் இல்லை? இன்சூரன்ஸ் ஏஜெண்டுக்கு மேலும் ஒருவர் இருக்கிறாரே!

இருக்கிறார். நல்ல அஃபிலியேட் திட்டங்களிலும் இரண்டாம் அடுக்குக் கமிஷன் உண்டு. ஆனால் கீழே இருப்பவர் ஒரு பாலிசி விற்றால்தான் மேலே இருப்பவருக்குப் பங்கு. ஆள் சேர்ந்ததற்கே பணம் என்றால் அது பிரமிட். நம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008இன் 68ஆம் எண், 43ஆம் பிரிவில் அதைத் தடுக்கிறது. நடத்துவது மட்டுமில்லை, பரப்புவதற்கும் தெரிந்தே சேர்வதற்கும் தடை உண்டு. ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டிக்கு மேல் ஆண்டுக்கு 20 சதவீதமோ அதிகமோ தருவதாக வாக்குக் கொடுப்பதற்கும் அதே பிரிவில்தான் தடை.

லெனேசியாவிலிருந்து ஒருவர்: மாமாவின் திட்டத்தில் ஷாம்பூ விற்கிறார்களே, அப்புறம் எப்படி பிரமிட்?

ஷாம்பூவை யார் வாங்குகிறார்கள்? சேர்ந்தவர்களே கடை விலையைப் போல மூன்று மடங்கு கொடுத்து வாங்கினால், அந்தப் புட்டியும் சேர்க்கைக் கட்டணம்தான். நாளையிலிருந்து புதிதாக ஒருவரும் சேரவில்லை என்று வையுங்கள். அடுத்த மாதமும் பணம் வருமா? மாமா, இதை மேலே இருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். அதுவரை அத்தையின் தங்கையைச் சேர்க்காதீர்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு அக்கா: கட்டணம் இல்லை, 'டிரெயினிங் பேக்' 2,500 ரேண்ட்.

பெயர் மாறினாலும் அது கட்டணமே அக்கா. இன்று இதே கேள்வி மூன்றாவது முறை. அமெரிக்காவில் நுகர்வோரைப் பாதுகாக்கும் அரசு அமைப்பான எஃப்டிசி 2018இல் நிறுத்திய மோப் என்ற திட்டமும் 49 டாலருக்கு 21 படிப் பயிற்சி என்றுதான் ஆரம்பித்தது. உள்ளே போனவர்களிடம் ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள்.

கேப் டவுனிலிருந்து ஒரு தம்பி: கட்டிவிட்டேன் அக்கா, இரண்டு நாள்தான் ஆகிறது.

உடனே எழுது! அவர்களாகக் கூப்பிட்டோ செய்தி அனுப்பியோ விற்றிருந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவுப்படி ஐந்து வேலை நாளுக்குள் எழுத்தில் ரத்து செய்யலாம். வங்கியின் மோசடிப் பிரிவுக்கும் இன்றே போன் போடு. பணத்தைத் திருப்பித் தர 'ரிலீஸ் கட்டணம்' கேட்டால் ஒரு ரேண்டும் கொடுக்காதே. பணத்தைத் திருப்பித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடு.

ஸ்டாங்கரிலிருந்து ஒரு தம்பி: கமிஷனுக்கு வரி உண்டா?

உண்டு. அது வருமானம், வரித்துறையான சார்ஸில் காட்டு.