பொருள் நம் கையில், குடுமி யார் கையில்?

கேள்வி: “பல வருடங்களாக எலக்ட்ரானிக் சாமான்களை வாங்கிக் குவிக்கும் ஆள் நீங்கள். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றால் எந்த நிறுவனத்தைச் சொல்வீர்கள்?”

ஒன்றைக்கூடச் சொல்ல மாட்டேன்.

பத்து வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் மூன்று பெயர்களைச் சொல்லிவிட்டு, ஒத்துக்கொள்ளாதவர்களோடு விடிய விடிய மல்லுக்கு நின்றிருப்பேன். அந்தக் காய்ச்சல் இறங்கிவிட்டது. இறக்கிவைத்தது ஒரு எடை பார்க்கும் மிஷின்.

பார்க்க லட்சணமான மிஷின்தான். கண்ணாடித் தட்டு, வைஃபை, ஏறி நின்றால் எடை தானாகவே ஆப்பில் ஏறிவிடும். ஐந்து வருடம் ஒழுங்காக உழைத்தது. ஒருநாள் பேட்டரி தீர்ந்தது, மாற்றினேன். புதிதாக வாங்கியதுபோலக் கணக்கில் இணையச் சொன்னது. எதில் இணைவது? அந்த நிறுவனம் சர்வரை மூடி ஆறு மாதம் ஆகியிருந்தது. மெயில் அனுப்பியிருக்கிறார்கள், விளம்பரக் குப்பையோடு குப்பையாக நான்தான் பார்க்கவில்லை. காலுக்குக் கீழே என் எடையை அளக்கும் உலோகத் துண்டுகள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் டிஸ்பிளேயில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, எண் வரவில்லை. எடை சொல்வதற்கு இன்னொருவரின் அனுமதி வேண்டும் என்று யாரோ வடிவமைத்திருக்கிறார்கள். அதையும் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு எந்தப் பொருளைப் பார்த்தாலும் ஒரு கேள்விதான் கேட்கிறேன். தயாரித்தவர்கள் நாளைக்கே கடையைக் கட்டிவிட்டால் இது என்னவாக மிஞ்சும்?

இந்தக் கேள்வியோடு பார்த்தால் நிறுவனத்தின் பெயர் சீக்கிரமே அர்த்தம் இழந்துவிடுகிறது. ரிவால்வ் என்று ஒரு ஹப் இருந்தது. வீட்டு விளக்கு, பூட்டு எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து இயக்கும் பெட்டி. 299 டாலர், வாழ்நாள் சந்தாவும் சேர்த்து. யாருடைய வாழ்நாள் என்று அப்போது யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. 2014-ல் கூகுளின் நெஸ்ட் அதை வாங்கியது. 2016 மே மாதத்தில் சர்வரை நிறுத்தினார்கள், அன்றோடு பெட்டி செத்தது. ஹார்ட்வேரில் எந்தக் கோளாறும் இல்லை. காசு கொடுத்து வாங்கியவர்கள் கூச்சல் போட்ட பிறகுதான் இழப்பீட்டுப் பேச்சே வந்தது.

அதே கூகுள் 2019-ல் ஸ்டேடியா என்ற கேம் சேவையைத் தொடங்கியது. ஓடவில்லை. 2023 ஜனவரி 18-ல் மூடிவிட்டார்கள். ஆனால் மூடிய விதம் வேறு. தங்கள் கடையில் வாங்கிய கேம்களுக்கும் கன்ட்ரோலருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதோடு, வைஃபையை நம்பி இருந்த அந்தக் கன்ட்ரோலரைச் சாதாரண புளூடூத் கன்ட்ரோலராக மாற்றிக்கொள்ள ஒரு வழியும் செய்துகொடுத்தார்கள். இன்றைக்கும் அதைக் கம்ப்யூட்டரோடு இணைத்து விளையாடலாம். ஒரே குடும்பம், இரண்டு சாவு, ஒன்றில்தான் காரியம் ஒழுங்காக நடந்தது. இதில் நான் எந்த கூகுளை நம்புவது?

ஆப்பிள் ரசிகர்கள் இந்த இடத்தில் சிரித்துக்கொண்டிருப்பார்கள், தெரியும். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான். 2017-ல் வெளிவந்த விஷயம் நினைவிருக்கும்: பேட்டரி பழசான ஐபோன்களின் வேகத்தை அப்டேட் மூலம் சத்தமில்லாமல் குறைத்திருந்தார்கள். காரணத்தை மட்டும் பார்த்தால் அதில் தப்பே இல்லை. லித்தியம் அயான் பேட்டரி வயதாக ஆக அதன் உள்தடை, அதாவது உள்ளேயே மின்சாரத்தை மறிக்கும் தன்மை, கூடும். பிராசசர் திடீரென்று அதிக மின்சாரம் கேட்டால் வோல்டேஜ் சரிந்து, முப்பது சதவீதம் சார்ஜ் காட்டும்போதே போன் பொத்தென்று அணைந்துவிடும். வேகத்தைக் குறைத்தால் அணையாது. ஒரு எஞ்சினியரிடம் கேட்டால் இதைத்தான் செய்யச் சொல்வார். ஆனால் அதை வாங்கியவனிடம் சொல்லவில்லை. போன் கிழடாகிவிட்டது என்று நினைத்துப் புதுசு வாங்கியவர்களுக்கு ஒரு பேட்டரி மாற்றினால் போதும் என்று தெரியவே தெரியாது. குட்டு வெளிப்பட்ட பிறகு, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலருக்கு இறக்கினார்கள்.

இதே ஆப்பிள்தான் 2013-ல் விற்ற ஐபோன் 5எஸ்-க்கு 2023 ஜனவரியிலும் ஒரு பாதுகாப்பு அப்டேட் அனுப்பியது. ஒன்பது வருடம் தாண்டிய போன்! அந்த வயதில் பல போன்களுக்கு உறை கூடக் கடையில் கிடைக்காது. திட்டுவதா, பாராட்டுவதா? இரண்டையும் செய்துவிட்டுப் போகலாம், யாரும் கேட்கப் போவதில்லை. ‘நம்பிக்கை’ என்ற ஒற்றைச் சொல்லில் இந்த இரண்டையும் போட்டு அடைக்கத்தான் என்னால் முடியவில்லை.

நான் மனதாரப் பாராட்டும் பொருளைச் செய்த நிறுவனமே இன்று இல்லை. பெபிள் வாட்ச். 2012-ல் கிக்ஸ்டார்ட்டர் என்ற, பொதுமக்களிடம் முன்பணம் திரட்டும் இணையதளத்தில் ஒரு கோடி டாலருக்கு மேல் திரட்டி வந்த கடிகாரம். கறுப்பு வெள்ளைத் திரை, வெயிலில் பளிச்சென்று தெரியும். தொடுதிரை கிடையாது, பொத்தான்கள்தான், அதனால் ஈரக் கையோடும் இயக்கலாம். ஒருமுறை சார்ஜ் போட்டால் ஐந்தாறு நாள் ஓடும். 2016 டிசம்பரில் ஃபிட்பிட் என்ற உடற்பயிற்சிக் கைப்பட்டை நிறுவனம் அதை வாங்கிக்கொண்டு வாட்ச் தயாரிப்பை நிறுத்தியது, 2018-ல் சர்வரும் போனது. ரிவால்வ் கதைதான் என்று நினைத்தேன். ஆனால் மணி காட்டுவதற்கும் போனில் வரும் செய்தியைக் காட்டுவதற்கும் பெபிளுக்குச் சர்வர் தேவைப்படவில்லை. சர்வர் தேவைப்பட்ட மிச்ச வேலைகளை ரெபிள் என்ற பெயரில் அதன் ரசிகர்களே எடுத்துச் செய்தார்கள். ஃபிட்பிட்டை வாங்கிய கூகுள் 2025 ஜனவரியில் பெபிளின் மென்பொருளைத் திறந்த மூலமாக, யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளும்படி, வெளியிட்டது (பாருங்கள், திரும்பவும் அதே குடும்பம்). செய்தவர்கள் போன பிறகும் என் கையில் அந்த வாட்ச் துடித்துக்கொண்டிருந்தது.

‘அந்தக் காலத்துப் பொருள்தான் பொருள்’ என்று நான் ஆரம்பிப்பதாக நினைக்க வேண்டாம். சோனி 1979-ல் விட்ட முதல் வாக்மேனில் ஹெட்போன் மாட்ட இரண்டு துளைகள் இருந்தன, இருவர் சேர்ந்து கேட்க. பாட்டைத் தணித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரோடு பேச ஓர் ஆரஞ்சுப் பொத்தானும் உண்டு. ஒருவன் தனியாகக் காதை மூடிக்கொண்டு போவது மரியாதைக் குறைவாகப் படுமோ என்ற பயம் அவர்களுக்கு. எனக்குப் பிடித்த விவரம் இது, ஏனென்றால் அந்தப் பயம் எவ்வளவு தப்புக்கணக்கு என்பதைக் காட்ட நாம் எல்லோரும் காதில் செருகிக்கொண்டு திரிகிறோம். ஆனால் பழைய சாமானும் கெடும். என்னிடம் இருந்த ஒரு பழைய கேசட் பிளேயரைத் திறந்தபோது உள்ளே ரப்பர் பெல்ட் தார் மாதிரி இளகி, சக்கரத்தில் அப்பிக் கிடந்தது. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்துத் துடைத்து விரலெல்லாம் கறுப்பாகிவிட்டது. நான்கு ஸ்க்ரூ, ஒரு புது பெல்ட், ஒரு மாலை நேரம். அவ்வளவுதான், பாடியது. கெடாத பொருள் என்று ஒன்று கிடையாது. கெட்டால் அதன் உள்ளே நான் போக வழி இருக்கிறதா என்பதுதான் பேச்சு.

அந்த வழியைத்தான் பசை போட்டு அடைத்துக்கொண்டே வந்தார்கள். மெல்லிசாக வேண்டும், தண்ணீர் புகக் கூடாது என்று காரணம் சொன்னார்கள். காரணம் முழுப் பொய்யும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டதும் அடைத்த கதவு கொஞ்சம் திறக்கிறது: கையடக்கச் சாதனங்களின் பேட்டரியை உபயோகிப்பவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்ற விதி, சில விலக்குகளோடு, 2027 பிப்ரவரியில் அமலுக்கு வருகிறது. எல்லா போனுக்கும் பொதுவான சார்ஜர் துளை, அதுதான் யூஎஸ்பி-சி, அந்த விஷயத்திலும் இதுதான் நடந்தது. எத்தனை வருடம் கெஞ்சினோம்! சட்டம் வந்ததும் ஐபோன் 15-ல் துளை மாறிவிட்டது.

இப்போது நான் வாங்கும் முறை கொஞ்சம் கிறுக்குத்தனமாகத் தோன்றலாம். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு அந்தச் சாமானை ஒருநாள் முழுக்க உபயோகித்துப் பார்ப்பேன். பல்பு சுவிட்சில் எரிகிறதா? ஸ்பீக்கர் வயர் செருகினால் பாடுகிறதா? ஒன்றுமே ஓடாவிட்டால் பெட்டிக்குள் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவேன். போனில் இது செல்லாது, அங்கே எத்தனை வருடம் அப்டேட் தருவதாக எழுத்தில் சொல்கிறார்கள் என்று பார்ப்பேன். விளம்பரத்தில் ‘ஸ்மார்ட்’ என்ற சொல் எத்தனை முறை வருகிறதோ அத்தனை சந்தேகம். இவ்வளவு பேசிவிட்டு, போன வருடம் ஒரு மடக்கு போனை முன்பதிவு செய்து வாங்கியவனும் நான்தான். அதன் மடிப்பை நகத்தால் தடவிப் பார்க்கக் கூடாது என்று தெரிந்தும் தினமும் தடவுகிறேன். ஆசை வேறு, புத்தி வேறு.

அந்த எடை மிஷினை எறியவில்லை. பின்பக்கத்தைத் திறந்தால் நான்கு காலுக்கும் ஒவ்வொரு லோட் செல் (எடையை அளக்கும் அந்த உலோகத் துண்டுதான்), ஒவ்வொன்றிலும் மூன்று வயர். நிறுவனத்தின் சர்க்யூட் போர்டைக் கழற்றிவிட்டு, லோட் செல்லின் சிக்னலை எண்ணாக மாற்றும் ஹெச்எக்ஸ்711 என்ற சின்ன சிப்பையும், வைஃபை உள்ள இஎஸ்பி32 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டையும் வைத்துச் சால்டர் செய்தேன். ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேனை ஏற்றி இறக்கி எண்ணைச் சரிக்கட்ட இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. எடை இப்போது என் கம்ப்யூட்டருக்கே வருகிறது. முன்னூறு கிராம் கூடக் காட்டுகிறது என்று நினைக்கிறேன். புகார் சொல்லக் கஸ்டமர் கேர் என்று பார்த்தால் அங்கேயும் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன்.